சொகமில்லாத வீட்டுக்குப் போற ஆட்டம்

என் பொண்டாட்டி கிருமி வளக்குறவ. யாராவது "வீட்டம்மா என்ன செய்றாங்க"ன்னு கேட்டா நான் இப்பிடித்தான் பதில் சொல்லுவேன். கேட்டவங்க ஒரு அடி பின்னால போவாங்க. அதுக்கப்பறம்தான் "கேம்பஸ்ல, லேப்புல, பெரிய படிப்பு"ன்னு சேத்துக்குவேன். முதல்ல பயமுறுத்திட்டு அப்பறம் பெருமையடிக்கிறது என் பழக்கம்.

நான் அப்பம் சுடுறவன். கெட்டம்பேயில மெயின் ரோட்டுல இருந்து உள்ள எறங்குற சந்துல கடை, கடைக்குப் பின்னால வீடு. படிப்பு அஞ்சாம் வகுப்பு. அந்த வகுப்புக்கு என் மேல அவ்வளவு பாசம், ரெண்டு வருஷம் விடவே இல்ல. அவ எனக்கு மாமன் மக. ரெண்டு பேரும் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஒரே லயத்துல பொறந்து வளந்தவங்க. இவளுக்கு இவன்னு சின்னதுலயே பேசி வச்சது. அப்பறம் அவ படிச்சா, படிச்சா, நிறுத்தவே இல்லாமப் படிச்சா. நான் கண்டிக்கு வந்து ஒரு முதலாளிகிட்ட மா கரைக்கக் கத்துக்கிட்டேன். அவ டாக்டர் பட்டம் வாங்குன அன்னைக்கு, சரி இனி அந்தப் பேச்சு முடிஞ்சிச்சுன்னு நெனச்சு பந்தலுக்கு வெளிய ஒரு மூலையில நின்னேன். அவளே தேடி வந்து, "மச்சான், எப்ப கல்யாணம்?"னு கேட்டா. இவ்வளவு படிச்சும் புள்ளைக்கு அறிவு வரலையேன்னு எனக்கே கவலையாப் போச்சு.

அவ படிச்சதுக்குப் பேரு நுண்ணுயிரியல். அந்தச் சொல்ல நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சட்டியில ஒரு அப்பம் கருகிரும். அதனால கிருமின்னே சொல்லிக்கிறேன்.

ஒரு சனிக்கெழம பகல், மா பொங்கட்டும்னு வாளிய மூடி வச்சுட்டு நான் கடையில குந்தியிருக்கேன். அவ ஒரு பெரிய காட்போட் அட்டையத் தூக்கிக்கிட்டு வந்தா. கதவுல இடிச்சு, கதிரையில இடிச்சு, கடைசியில என் தலையிலயும் இடிச்சு மேசை மேல போட்டா.

"என்ன புள்ள, வீடு கட்டப் போறியா?"

"ஆட்டம் மச்சான். தாயக்கட்டை உருட்டி ஆடுற ஆட்டம். கிருமி எப்பிடிப் பரவுதுன்னு சொல்லிக் குடுக்க."

"அதான் நீ தோட்டந்தோட்டமாப் போய் பேசுறியே."

அவ முகம் சுருங்கிப் போச்சு. மாசத்துல ஒரு நாயித்துக்கெழம தோட்டத்துப் பக்கம் போய், பொம்பளைங்கள ஒக்கார வச்சு, சொவத்துல படம் காட்டிப் பேசுவா. நானும் ஒரு தடவ கூடப் போயிருக்கேன். வெளக்க அணைச்சு படத்தப் போட்டதும், கெழம முழுக்க கொழுந்து பறிச்ச ஒடம்பு என்ன செய்யும்? தூங்கும். ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு எல்லாரும் நல்லாத் தூங்குனாங்க. நானும்தான். வெளக்கு எரிஞ்சதும் எல்லாரும் "ஆமாங்க டீச்சர்"னாங்க. நானும் பழக்கதோஷத்துல "ஆமாங்க டீச்சர்"னுட்டேன்.

"எல்லாரும் தலையாட்டுறாங்க மச்சான். ஒருத்தரும் திருப்பிக் கேக்குறதில்ல"ன்னா. "திட்டுனாக் கூட நல்லாருக்கும். என்னைய டீச்சர்ங்குறாங்க. நம்ம லயத்து ஆளுங்களே டீச்சர்ங்குறாங்க. நான் அவங்க இடுப்புல ஒக்காந்து வளந்தவ."

அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு. அவளுக்குக் கிருமி ஒரு கவலை. அந்த லயத்துல தான் இப்ப வெளியாளு ஆயிட்டோமோங்குறது அத விடப் பெரிய கவலை.

அட்டையப் பிரிச்சா, குடும்பத்துக்கு ஒண்ணுன்னு பத்துக் காம்பரா வரிசையா. முன்னால ஒரு பாதை, பாதை முடிவுல தண்ணி வர்ற பீலி. அந்தப் பக்கம் கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பரா, கொழுந்து நிறுக்குற மடுவம், கோயிலு. தகரக் கூரை மேல கல்லு வச்சிருக்குறதக் கூட வரைஞ்சிருந்தா. ஏழாம் காம்பராக் கதவுக்கு மட்டும் நீல வர்ணம்.

"இது நம்ம லயம்ல?"

"சொன்னேனா நான்?"ன்னு சிரிச்சா.

ஆட்டம் லேசுதான், எனக்கே வெளங்குனா பாத்துக்கங்களேன். நாலு பேரு ஆடணும், ஆளுக்கு ஒரு சோடா மூடி. செவப்புச் சட்டைப் பட்டன்தான் கிருமி. கட்டை எந்தக் காம்பராவக் காட்டுதோ அங்க ஒரு செவப்புப் பட்டன் விழும், அந்த வீட்டு ஆளு படுத்துருவாங்க. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு பட்டன் ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அந்தக் காம்பராக்குள்ள போற மூடி ஒரு பட்டன ஒட்டிக்கிட்டு வெளிய வரும், அடுத்ததா எங்க போகுதோ அங்க அதப் போடும். பீலிக்குப் போய் சவுக்காரம் போட்டுக் கழுவுனாப் போயிரும். பத்துக் காம்பராவும் செவந்துட்டா நாலு பேருக்கும் தோல்வி. ஒரு மூணு சுத்துக்கு யாரும் அந்தக் காம்பராக்குள்ள போகாம இருந்தா, படுத்தவங்க எந்திரிச்சுருவாங்க, நாலு பேருக்கும் வெற்றி.

"எல்லாரும் சேந்து ஜெயிக்கிறதா? அப்பறம் யார நக்கலடிக்கிறது?"ன்னேன்.

"கிருமிய."

"அதுக்குக் காதா இருக்கு?"

முதல் ஆட்டத்துல நான் சோடா மூடிய வேணாம்னு சொல்லிட்டு செவப்புப் பட்டன் டப்பாவ எடுத்துக்கிட்டேன். எனக்கு எப்பவும் ஜெயிக்கிற பக்கம் நிக்கத்தான் ஆசை, வாழ்க்கையில அதுக்கு சந்தர்ப்பம் கெடைச்சதில்ல. அவ பொறுமையா டப்பாவப் புடுங்கிட்டு மூடியக் குடுத்தா. நான் இந்தக் கிருமிங்கள ஒழிக்கணும்னு ஒரு சின்னச் சொற்பொழிவு பண்ணுனேன். அவ மேசைக்கடியில இருந்த வாளிய காலால தட்டுனா. மூடியத் தொறந்து பாத்தா மா நொரை தள்ளிக்கிட்டு வெளிம்பு வரைக்கும் வந்துருக்கு.

"அது என்னான்னு நெனச்சீங்க? ஈஸ்ட்டும் உசுருதான் மச்சான். ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி உங்களுக்கு சம்பளமில்லாம வேல செய்யுது. நம்ம வீட்டுல கிருமி வளக்குறது நான் மட்டும் இல்ல."

இத்தனை வருஷமா நான் தெரியாமலே விஞ்ஞானியா இருந்துருக்கேன். அன்னைக்குச் சாயங்காலம் அப்பம் கேட்டு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பேரு அப்பம் வேணாம்னு ரொட்டி வாங்கிட்டுப் போனாங்க. அதோட விஞ்ஞானத்த விட்டுட்டேன்.

அடுத்த நாயித்துக்கெழம ஆட்டத்தத் தெல்தோட்டைக்குக் கொண்டு போனோம். பேராதனை தாண்டி கலஹா வழியா பஸ்ஸு ஏறும்போது, வளைவுக்கு வளைவு அட்டை யாராவது ஒருத்தர் மூஞ்சியில இடிச்சுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன், மூணு பாஷையில. எனக்கு நல்லா வர்ற ஒரே பேச்சு மன்னிப்புத்தான்.

லயத்துல என் அக்கா இருக்கு. கொழுந்து பறிக்கிறது. வாயும் கையும் ஒரே வேகம். அந்த லயத்துல ஒரு நல்லது கெட்டது அதக் கேக்காம நடக்காது. அது கூப்பிட்டதால கோயிலுக்கு முன்னால பாய் விரிச்சு பொம்பளைங்க கூடிட்டாங்க. அட்டையப் பிரிச்சதும் ஒரே சத்தம்.

"அடியே, இது நம்ம லயம்டி!"

"இங்க பாரு, என் காம்பரா! என் கூரைக் கல்லு!"

"ஏன் புள்ள, என் காம்பராக் கதவு ஒடைஞ்சு கெடக்கே, அத வரையலையா?"

"வரைஞ்சா தோட்டத்துத் தொரை வந்து பாத்து சரி பண்ணிருவாருன்னா?"ன்னு அக்கா கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி என்னையத் திரும்பிப் பாத்தா. அவ கண்ணு பளபளங்குது. டீச்சர்னு யாரும் சொல்லல.

கட்டைய உருட்டுனாங்க. மூணாம் காம்பராவுல பட்டன் விழுந்துச்சு. அக்கா மூடி நேரா மூணாம் காம்பராக்குள்ள போச்சு.

"மதினி, அங்க கிருமி இருக்கு."

"இருந்தா என்ன? ஆளும் அங்கதானே இருக்கு."

அடுத்த பொம்பளையும் அங்கதான் போனா. அதுக்கடுத்தவ, "நான் போகாட்டி அவ என்ன நெனைப்பா"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போனா. நாலாவது ஆளு வெறுங்கையோட போறதாங்குற வெக்கத்துல, "பிஸ்கட் வாங்க மடுவத்துப் பக்கம் கடை இருக்கா?"ன்னு கேட்டா. கடைசியில நாலு மூடியும் ஒரே காம்பராக்குள்ள குந்திக்கிட்டு இருக்கு. சுத்திவர செவப்புப் பட்டன் பெருகிக்கிட்டே போகுது. "ஊத்துடி தேத்தண்ணிய"ன்னு யாரோ சொன்னாங்க. அப்பறம் நாலு பேரும் எந்திரிச்சு அவங்கவங்க ஊட்டுக்குப் போனாங்க. பத்துக் காம்பராவும் செவந்துச்சு.

"தோத்துட்டீங்க"ன்னா என் பொண்டாட்டி, மெதுவா.

"தோத்தா தோக்குறோம்"ன்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் பெருமையாச் சிரிச்சாங்க. ஒலகத்துலயே தோத்ததுக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட கூட்டத்த நான் பாத்ததில்ல. நானே ஒரு தோத்த ஆளு, எனக்கே இப்பிடி வந்ததில்ல.

ரெண்டாவது ஆட்டம் ஆரம்பிக்க முன்னால அவ பொறுமையா வெளக்குனா. போகாம இருந்தா அந்த வீட்டுக்காரங்களும் தேறுவாங்க, மத்தவங்களும் தப்புவாங்கன்னு. அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் வெரலால ஏழாம் காம்பராவத் தொட்டுச்சு, அந்த நீலக் கதவ.

"இது சித்தி காம்பரா"ன்னுச்சு. "கொரோனாவுல சித்தியக் கொண்டு போனப்ப யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னாங்க. போகல. வெள்ளை உடுப்புப் போட்டவங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. கதவ சாத்திக்கிட்டு சன்னல் வழியாப் பாத்தோம். சித்தி திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் வரவே இல்ல. பொட்டியக் கூடக் காட்டல. இன்னும் எனக்கு சோறு எறங்கல புள்ள. நீ இவ்வளவு படிச்சு, இன்னொருவாட்டி போகாதன்னு சொல்லத்தான் வந்தியா?"

அக்கா அதக் கோவமாச் சொல்லல, அதான் மோசம். கோவமா இருந்தா பதில் சொல்லிரலாம்.

அவ அட்டைய மடிச்சா. தேத்தண்ணி குடிச்சுட்டுத்தான் வந்தோம், எல்லாரும் வழியனுப்பத்தான் வந்தாங்க. ஆனா பஸ் ஏறும்போது ஒருத்தி சொல்லிட்டா, "போய்ட்டு வாங்க டீச்சர்."

எறக்கத்துல நான் அவளத் தேத்தலாம்னு, "கவலைப்படாத, கிருமி ஜெயிச்சுருச்சு, அதுக்கு ஒரு மால போட்டுரலாம்"ன்னேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. எனக்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும், சிரிப்பு. அது வேலை செய்யலன்னா என் அலுமாரி காலி. கலஹா வரைக்கும் அட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சும்மா இருந்தேன். பேராதனைக்கு வந்ததும் அவ சொன்னா:

"மதினி சொன்னது சரி மச்சான். நான் சொன்னதும் சரி. ரெண்டும் ஒரே அட்டையில நிக்க மாட்டேங்குது. நின்னாத்தான் திரும்பி அங்க போவேன். இல்லேன்னா இந்த அட்டையக் கிழிச்சு உங்க அடுப்புல போட்டுருங்க."

அதுக்கப்பறம் கொஞ்ச நாளு அட்டை அலுமாரிக்குப் பின்னால நின்னுச்சு. அவ லேப்புக்குப் போவா, வருவா, அந்தப் பக்கமே பாக்க மாட்டா. நான் தூசி தட்டுற மாதிரி பாத்துப்பேன்.

இந்த நேரத்துல எனக்குக் கண்ணு நோவு வந்துச்சு. காலையில எந்திரிச்சா ரெண்டு இமையும் ஒட்டிக்கிட்டு, கண்ணு ரெண்டும் செவந்து, அட்டையில இருந்து ரெண்டு பட்டன எடுத்து ஒட்டுன மாதிரி. கடையச் சாத்த வேண்டியதாப் போச்சு. அவளுக்குள்ள இருந்த விஞ்ஞானி எந்திரிச்சுட்டா. என் துவாய் வேற, தட்டு வேற, தலகாணி வேற. "கண்ணத் தொடாதீங்க, தொட்டாக் கை கழுவுங்க, கதவுப் புடியத் தொடாதீங்க." கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக் குடுத்தா. போட்டுக்கிட்டு முன்னறையில குந்துனேன். கண்ணாடியில பாத்தா சினிமா வில்லன் மாதிரி இருந்தேன், அதுவும் முதல் சண்டையிலயே அடி வாங்குற வில்லன்.

"யாரு வந்தாலும் உள்ள விடப் போறதில்ல"ன்னா. "கண்டிப்பா."

"சரிங்க டீச்சர்"ன்னேன். மொறைச்சா.

மறுநாளு பகல் வாசல் கேட்டு தொறக்குற சத்தம். அக்கா! தெல்தோட்டையில இருந்து பஸ் புடிச்சு வந்துருக்கு, கையில மால்ட் டின்னும் பிஸ்கட்டும். யாரு தகவல் சொன்னாங்கன்னு கேக்காதீங்க, எங்க ஆளுங்களுக்கு சொகமில்லாத சேதி போற வேகத்துக்கு போன் தேவையில்ல. (நான்தான் சொன்னேன், அது வேற.)

என் பொண்டாட்டி வாசல்ல நின்னா. நான் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இப்ப சொல்லப் போறா, மதினி அங்கயே நில்லுங்கன்னு. வாயத் தொறந்தா. மூடுனா. அக்கா வெயில்ல வேர்த்துப் போய், மூச்சு வாங்கிக்கிட்டு, படியில கால வச்சுச்சு.

"வாங்க மதினி. உள்ள வாங்க. ஒக்காருங்க."

கதிரைய இழுத்துப் போட்டது அவ. தேத்தண்ணி போட ஓடுனது அவ. அக்கா ஒக்காரல, நேரா என்கிட்ட வந்து கண்ணாடியக் கழட்டி, "ஐயோ தம்பி, என்னடா இது மொளகாய்ப் பழம் மாதிரி"ன்னு என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சு, முந்தானையால கண்ணத் தொடைச்சுச்சு. அதே முந்தானையால தன் மூஞ்சியத் தொடைச்சுக்கிச்சு. என் பொண்டாட்டி தேத்தண்ணிக் கோப்பையோட கதவு நெலையில கல்லாட்டம் நின்னா.

"டாக்டரம்மா"ன்னேன், "ரெண்டாம் காம்பரா செவந்துருச்சு."

அவ என்னையப் பாத்தா. அக்காவப் பாத்தா. அப்பறம் கோப்பைய வச்சுட்டு, அக்கா கழட்டிப் போட்ட என் கண்ணாடிய எடுத்து மேசையில வச்சுட்டு, நெலையில சாஞ்சு சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்து, கையால தொடைச்சுக்கிட்டா. அந்தக் கை இப்பத்தான் என் கண்ணாடிய எடுத்து மேசையில வச்ச கை. அத அவளும் கவனிச்சா, நானும் கவனிச்சேன். அதோட மூணாம் காம்பராவும் போச்சு.

அக்காவுக்கு கண்ணு செவந்ததும் மலைக்குப் போக விடல. "லயத்துக்கே குடுக்கப் போறீங்களா மதினி"ன்னு கேட்டதும் அக்கா கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, தம்பி ஊட்டு சோத்தத் தின்னு கன காலமாச்சு"ன்னுட்டு தங்கிருச்சு. மூணு பேருக்கும் மூணு கறுப்புக் கண்ணாடி. முன்னறையில வரிசையாக் குந்தியிருந்தா, பாட்டுக் கச்சேரிக்கு வந்து வழி தவறுன கோஷ்டி மாதிரி.

அப்ப எதுத்த வீட்டு அம்மா வந்துச்சு. த்ரீவீல் ஓட்டுறவரோட பொஞ்சாதி, சிங்கள ஆளு, எங்க அப்பத்துக்கு தெனசரி வாடிக்கை. பலாக்காக் கறி ஒரு சட்டி கையில. என் பொண்டாட்டிக்கு இந்தத் தடவ வாய் தொறந்துச்சு, தனக்கே நோவு இருக்கே. சன்னல்ல இருந்து சிங்களத்துல கத்துனா, உள்ள வராதீங்க அக்கே, கண்ணு நோவு. அந்தம்மா சட்டிய மதில் மேல வச்சுச்சு. போயிரும்னு பாத்தா, போகல. கேட்டுக்கு வெளியவே கை ரெண்டையும் இடுப்புல குத்திக்கிட்டு, நாங்க சன்னலுக்கு உள்ள, அது ரோட்டுல, ஒரே கத்தல் பேச்சு. மருமக எப்பிடி, வெல எப்பிடி, மழை எப்பிடி, யாரு வீட்டு நாய் யாரக் கடிச்சுச்சு. அக்காவுக்கு அரைவாசிதான் வெளங்கும், ஆனா அதுவும் தமிழ்லயே கத்திப் பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் நல்லாத்தான் ஒத்துப் போச்சு. சந்துல போறவங்க எல்லாம் நின்னு, சேதி கேட்டு, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிட்டுப் போனாங்க.

அந்தம்மா போனதும் அக்கா சொல்லுச்சு, "உள்ள வந்திருந்தா ஒரு தேத்தண்ணி குடிச்சுட்டு ஓடியிருப்பா. வெளிய நின்னதால ஊர்ச் சேதி எல்லாம் சொல்லிட்டா. மனசு லேசா இருக்கு, இல்ல?"

என் பொண்டாட்டி எந்திரிச்சுப் போய் அலுமாரிக்குப் பின்னால இருந்த அட்டைய இழுத்துக்கிட்டு வந்தா. தரையில விரிச்சு, மண்டி போட்டுக்கிட்டு, பென்சிலால ஒவ்வொரு காம்பராக்கும் முன்னால ஒரு சின்னக் கட்டம் போட்டா. பத்துக் கட்டம்.

"என்ன புள்ள இது?"ன்னு அக்கா கேட்டுச்சு.

"இஸ்தோப்பு மதினி. ஒவ்வொரு காம்பராக்கும் முன்னால திண்ணையாட்டம் இஸ்தோப்பு இருக்குல்ல, அத வரைய மறந்துட்டேன். லயத்துல பொறந்தவ, இஸ்தோப்ப மறந்துட்டேன்."

அப்பறம் வேகமாப் பேசுனா, எங்களுக்கில்ல, தனக்குத்தானே. "போகாதன்னு சொல்றது தப்பு. போகணும். யாராவது கட்டாயம் போகணும். ஒவ்வொரு சுத்துலயும் ஒரு மூடி இஸ்தோப்புக்கு வரலேன்னா படுத்தவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. இஸ்தோப்புல நின்னா பட்டன் ஒட்டாது. உள்ள போனா ஒட்டும்."

"நின்னு என்ன செய்றது? சும்மா மூடி மாதிரி நிக்கிறதா?"ன்னேன்.

அவ நிமிந்து பாத்தா, செவந்த கண்ணோட. "பேசணும். இஸ்தோப்புல நிக்கிற ஆளு, உள்ள படுத்திருக்குற ஆளுகிட்ட எதாவது ஒண்ணு பேசியே ஆகணும். நெசமா, வாய் தொறந்து. பேசலேன்னா சுத்து சேராது."

"இது நல்ல சட்டம்"ன்னுச்சு அக்கா. "உன் புருசன் ஒருத்தனே மொத்த லயத்தையும் காப்பாத்திருவான்."

மூணு செவப்புக் கண்ணு ஜோடியும் அன்னைக்கு ஆடுனோம். ஆளு கொறைச்சல், நாலாவது மூடிக்கு நான் ரெண்டு குரல்ல பேசுனேன். என் காம்பராவுல பட்டன் விழுந்தப்ப என் பொண்டாட்டி மூடி இஸ்தோப்புல வந்து நின்னுச்சு. அவ கொஞ்சம் தொண்டையச் செருமிட்டு, "மச்சான், கடையப் பத்திக் கவலைப்படாதீங்க, மா வாளிய நான் கழுவி வச்சுட்டேன்"ன்னா. ஆட்டத்துக்காகச் சொன்னாளா, நெசமாச் சொன்னாளான்னு தெரியல. போய்ப் பாத்தா நெசமாவே கழுவித்தான் வச்சிருந்தா.

கண்ணு வெளுத்து, அக்கா ஊருக்குப் போய் கொஞ்ச நாளைக்கப்பறம் திரும்பத் தெல்தோட்டைக்குப் போனோம். பஸ்ஸுல அவ அட்டை ஓரத்த நகத்தால கீறிக்கிட்டே வந்தா. எனக்கும் பகிடி வரல. எனக்குப் பகிடி வரலேன்னா நெலமை மோசம்னு அர்த்தம்.

அதே கோயில், அதே பாய். போன தடவ யாரையும் தூங்க வைக்காத கூட்டம்ங்குறதால எல்லாரும் வந்திருந்தாங்க. அக்கா, "ஆட்டத்துல இஸ்தோப்பு வந்துருச்சுடி"ன்னு மட்டும் சொல்லுச்சு. அவ சட்டத்தச் சொன்னா. கட்டைய உருட்டுனாங்க.

பட்டன் ஏழாம் காம்பராவுல விழுந்துச்சு. நீலக் கதவு.

பீலித் தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்குது. என் பொண்டாட்டி சட்டுனு கைய நீட்டி, "வேற எடத்துல போடுவோம் மதினி"ன்னா. அக்கா அவ கையப் புடிச்சு நிறுத்துச்சு.

"கெடக்கட்டும் புள்ள. கட்டை சொன்ன எடம்."

மூடிய எடுத்து மெதுவா நகத்துச்சு. பாதை வழியா, கோயிலத் தாண்டி, ஏழாம் காம்பராக்கு முன்னால. உள்ள போகல. பென்சில் கட்டத்துல வச்சுச்சு. அந்த வெரலு மூடி மேலயே இருந்துச்சு.

"பேசணும்ல?"ன்னு கேட்டுச்சு.

"விருப்பமிருந்தா மதினி."

அக்கா அந்தக் கதவப் பாத்துச்சு. அப்பறம், கொழுந்து மலையில அடுத்த நெரையில நிக்கிற ஆளுகிட்டப் பேசுற மாதிரி, சாதாரணமா:

"சித்தி, நாங்க எல்லாரும் வெளியதான் நிக்கிறோம். ஓடிப் போயிரல. உள்ள வர விடல, அதான். உன் கோழிய நான்தான் பாத்துக்கிறேன். அந்தச் செவலைக் கோழி அடை படுத்து குஞ்சு பொரிச்சுருச்சு. நீ நிம்மதியாப் படு."

சித்திய அக்கான்னு கூப்புடுற அடுத்த பொம்பளை மூடிய நகத்தி அதே கட்டத்துல வச்சா. "அக்கா, உன்னோட உரல நான் எடுத்துட்டுப் போனேன், கேக்காம எடுத்ததுக்கு மன்னிச்சுக்க." அடுத்தவ: "பெரியம்மா, உன் பேத்தி பெரிய பள்ளிக்கொடம் போகுது." பென்சில் கட்டம் சின்னது, நாலு மூடி நிக்க எடமில்ல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நெருக்கிக்கிட்டு நின்னுச்சுங்க. செத்த வீட்டு இஸ்தோப்பு மாதிரியே. ஒரு மூடியும் உள்ள போகல.

மூணு சுத்து முடிஞ்சதும் என் பொண்டாட்டி ஏழாம் காம்பராவுல இருந்த செவப்புப் பட்டன்கள எடுத்தா. "சித்தி எந்திரிச்சுருச்சு"ன்னு ஒருத்தி சொன்னா. யாரும் சிரிக்கல, யாரும் அழல, எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டாங்க, அவ்வளவுதான்.

அப்பறம் ஆட்டம் சூடு புடிச்சுருச்சு. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டு ஆடுனாங்க. இஸ்தோப்புல நின்னுக்கிட்டு ஒருத்திய ஒருத்தி நல்லா ஏசுனாங்க. "உனக்கென்ன நோவு, வேலைக்குக் கள்ளம்"னா ஒருத்தி. "ஆமா, நீ கொண்டு வந்த பிஸ்கட்டுல எறும்பு"ன்னா மத்தவ. பீலிக்குப் போய் கழுவாம வந்த ஒரு மூடிய எல்லாருமாச் சேந்து திருப்பி அனுப்புனாங்க. "ஏய், கையக் கழுவுனியாடி? டாக்டரு பாத்துக்கிட்டு இருக்கு!"

டாக்டரு. டீச்சர் போயிருச்சு. கடைசியில அந்த டாக்டரும் போயிருச்சு. நாங்க கெளம்பும்போது அட்டைய மடிக்கப் போனா, அக்கா விடல.

"இது இங்கயே கெடக்கட்டும். நீ வேற வரைஞ்சுக்க. நம்ம லயம் உனக்கு மனப்பாடம்தானே." அப்பறம் அவ மூஞ்சிய நிமித்தி, ரெண்டு கண்ணையும் மாறி மாறிப் பாத்துச்சு. "கண்ணு நல்லாருச்சா புள்ள? அப்ப இஸ்தோப்புல நிக்காத. உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறேன்."

அவ உள்ள போனா. நான் இஸ்தோப்புலயே நின்னேன், கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு. கொஞ்ச நேரத்துல அவ கோப்பையோட வந்து, என்ன மச்சான்னு கேட்டா.

"கண்ணு நோவு இன்னும் முழுசாப் போகல போல புள்ள. தண்ணியா வருது"ன்னேன்.

என் பொண்டாட்டி விஞ்ஞானி. கண்ணாடியத் தூக்கிப் பாத்தா, மறுபடி மாட்டி விட்டா. அப்பறம் உள்ள போகாம, பக்கத்துலயே நின்னு பேச ஆரம்பிச்சா. மழை வரும் போல இருக்குன்னா. மாவுக்கு அரிசி நனைய வச்சீங்களான்னு கேட்டா.